கால் சுற்று

கொட்டோனுவில், காயல் பாலம் இறங்கும் இடத்தில்
நான்கு கம்பம், ஒரு தகரம், ஸ்பேனர் தொங்கும் பலகை.
பலகையில் ஹுவேஃபா என்று என் பெயர்.
கடைசி எழுத்து போன மழையில் போனது.

ஏழு மணிக்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்
வாடகைக்கு ஓட்டும் ஆகோஸு.
மஞ்சள் சட்டை, முதுகில் எண்.
அவர் எந்தச் சந்து வழியாக வந்தார் என்பதை
ரோட்டில் எண்ணெய்
சொட்டுச் சொட்டாக எழுதியிருந்தது.

"தானாகக் கழன்றுவிட்டது."

தானாகவாம்.
எல்லோரும் சொல்வதுதான்.
வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தேன்.
எஞ்சினின் அடிவயிற்றில் அந்த ஒற்றை போல்ட்
சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது,
எங்கும் பிடிக்கவில்லை.
விரலாலேயே உருவி எடுத்தேன்.
இரும்பு மரையில் சுருண்டு கிடந்தது
எஞ்சினின் அலுமினிய மரை,
சீப்பில் சிக்கிய நரைமுடி மாதிரி.

இரும்புக்கு ஒன்றும் ஆகாது.
மெத்தென்று இருப்பதுதான் உரிந்துகொண்டு வரும்.

படுத்தபடியே ஆரம்பித்தேன்:
ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி முறுக்கினீர்களா?
போல்ட்டா, பகையாளி கழுத்தா?
எண்ணெய் சொட்டினால் வாஷரை மாற்ற வேண்டும்,
வாஷர் என்ன விலை, எஞ்சின் என்ன விலை,
மரை கழன்றது வண்டிக்கா உங்களுக்கா?

"பிள்ளைகள் மேல் ஆணை," என்றார் ஆகோஸு.
"நான் அதைத் தொட்டதே இல்லை."

போல்ட்டின் தலையைத் துணியால் துடைத்தேன்.
அழுக்குக்கு அடியில் ஒரு புள்ளி.
மாம்பழ நிறம்.
என் தங்கையின் நகப்பூச்சு.
முறுக்கி முடித்ததற்கு அடையாளமாக
இந்தத் தெருவில் அப்படி வைப்பவள் நான் மட்டும்தான்.

பிப்ரவரி.
தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்.
அடுத்த மாதத்திலிருந்து இடத்துக்கு இரட்டை வாடகை
என்று ஒரு குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.
டப்பாவில் புது வாஷர் இல்லை.
தட்டையாகிப்போன பழையதையே போட்டேன்.
கசிந்துவிடுமோ என்று
நின்ற இடத்துக்கு மேல்
ஒரு கால் சுற்று.
ஏதோ இளகியது கைக்குத் தெரிந்தது.
கைக்குத் தெரிந்ததை
நான் கேட்டுக்கொள்ளவில்லை.

டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் அப்பினேன்,
துகள் உள்ளே விழாமல் ஒட்டிக்கொள்ள.
அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே.
வெளியே எடு, துடை, மறுபடி அப்பு.
நேராக இறங்குகிறதா என்று
ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்து
அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே.
ஆகோஸு ஸ்டூலில் உட்கார்ந்து
இரண்டு சவாரிக்காரர்களைப் போனில் வேண்டாமென்றார்.

மலிவான எண்ணெயை மேலே ஊற்றிக் கீழே வடித்தேன்.
முதல் தடவை மினுமினுத்தது.
மூன்றாம் தடவை வெறும் எண்ணெய்.
புது மரைச்சுருளைத் திருகி இறக்கினேன்,
புதுச் செம்பு வாஷர், புது போல்ட்,
குட்டை ஸ்பேனர், அதுவும் தலைக்கருகில் பிடித்து.
வாஷர் மெல்ல நசுங்கும்,
பிறகு ஒரு கணம் ஒன்றுமே நடக்காது.
அங்கே கையை எடுத்துவிட வேண்டும்.
எடுத்தேன்.

"எவ்வளவு?"
"எண்ணெய்க்கு மட்டும் கொடுங்கள்."
"ஏன்?"
அந்தப் புள்ளியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம்.
வாய் வரை வந்ததை எச்சிலோடு விழுங்கினேன்.
அவர் என்னை
மரை கழன்றவளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு
காசை எண்ணி வைத்தார்,
ஸ்டார்ட் செய்யுமுன் ஒருதரம் கீழே குனிந்து பார்த்தார்.
நல்ல மனிதர். குனிந்து பார்க்கத்தான் வேண்டும்.

அவர் பாலம் ஏறியதும்
கணக்கு நோட்டைப் பிரித்தேன்.
பிப்ரவரி, அதே நாள்.
அவருக்கு முன் ஒருவர், பின் நான்கு பேர்.
வாஷர் வாங்கிய வரவு
ஐந்து நாள் கழித்துத்தான் இருந்தது.

முதல் எண்ணை அழுத்தினேன்.
மணி போகிறது.
"ஹலோ, பாலத்தடி ஹுவேஃபா.
வண்டியை ஓரமாக நிறுத்துங்கள்.
இல்லை, காசுக்காக இல்லை.
நிறுத்துங்கள், சொல்கிறேன்."